ஓர் உள்ளங்கை அகலம்

சனிக்கிழமை காலையில் அக்காள் மகளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போவது என் பொறுப்பு. பாரோயிலிருந்து கிளம்பி, ஸ்டேடியத்தைத் தாண்டி, சிரம்பானுக்குள் போய்ச் சேர்வதற்குள் அவள் பின்சீட்டில் ஒரு குட்டித்தூக்கம் போட்டு எழுந்துவிடுவாள். போன வாரம் திரும்பி வரும்போது தூங்கவில்லை. மைலோ ஐஸ் பொட்டலத்தைக் குடிக்காமல் உச்சந்தலையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குளத்துச் சுவரில் தலையை இடித்துக்கொண்டுவிட்டாள்.

மல்லாந்து நீந்துகிறவர்களுக்கு இது நடக்கும். மற்ற மூன்று வகை நீச்சலிலும் சுவர் வருவது கண்ணுக்குத் தெரியும். பேக்ஸ்ட்ரோக்கில் தெரிவது கூரையோ வானமோதான். அதனால் சுவருக்கு ஐந்து மீட்டர் முன்னால் குளத்தின் குறுக்கே முக்கோணக் கொடிகள் கட்டிய கயிறு ஒன்று தொங்கும். கொடி தலைக்கு மேல் வந்ததும் கைவீச்சை எண்ணத் தொடங்க வேண்டும். அவளுக்கு ஆறு வீச்சு கணக்கு; ஆறாவதில் விரல் சுவரைத் தொட வேண்டும். அன்றைக்குப் பக்கத்துத் தடத்தில் ஒரு பையன் நெருங்கி வருகிறானா என்று தலையைத் திருப்பியிருக்கிறாள். எண்ணிக்கை தவறிவிட்டது.

"மாமா, பேக்ஸ்ட்ரோக்ல நம்ம ஆளுங்க யாராச்சும் பெருசா வந்திருக்காங்களா?" என்று கேட்டாள். வலி மறப்பதற்காகக் கேட்ட கேள்வியாக எனக்குப் படவில்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது.

நம் நாட்டில் என்றால் அலெக்ஸ் லிம் கெங் லியாட். சபாவில் சண்டக்கானில் பிறந்தவர். 1998-இல் பேங்காக் ஆசிய விளையாட்டில் 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் தங்கம் வாங்கினார். ஜப்பான்காரர்களும் சீனர்களும் ஆண்டுகொண்டிருந்த குளத்தில் ஒரு மலேசியர் முதலில் சுவரைத் தொட்டதை நான் மறக்கவில்லை. அவரைப் பற்றிச் சொல்லிவிட்டு இன்னொரு பெயரும் சொன்னேன்: ஸ்ரீஹரி நடராஜ். பெங்களூரைச் சேர்ந்தவர், 2001 ஜனவரியில் பிறந்தவர். நம் வீடுகளில் வைக்கிற பெயராக இருந்ததால் அவள் காதைத் தீட்டிக்கொண்டாள். அவர் கதையை வீடு வந்து சேர்ந்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தேன். உங்களுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

ஒலிம்பிக் நீச்சலுக்குப் போக ஒரு நேரக்கணக்கு உண்டு. 'ஏ' தகுதி என்பார்கள். அந்த நேரத்துக்குள் நீந்திவிட்டால் யார் தயவும் இல்லாமல் போகலாம். 2021 வரை இந்தியாவிலிருந்து ஒருவர்கூட அதைத் தொட்டதில்லை. அடுத்த படியான தகுதி நேரத்திலோ நாட்டுக்கு ஒருவர் என்று கொடுக்கிற இடத்திலோதான் போய்க்கொண்டிருந்தார்கள். டோக்கியோவுக்கு ஆண்கள் 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் தகுதி நேரம் 53.85 விநாடி.

அதற்கு முந்தைய ஆண்டு நினைவிருக்கும். கோவிட் வந்து குளங்களையெல்லாம் பூட்டிவிட்டார்கள். ஓட்டக்காரர் மொட்டை மாடியிலாவது ஓடலாம், பளுதூக்குபவர் வீட்டில் தூக்கலாம். நீச்சல்காரருக்குத் தண்ணீர் இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. இந்தியாவில் மாதக்கணக்கில் குளங்கள் திறக்கவில்லை. ஸ்ரீஹரி உட்படச் சிலரை அந்த ஆகஸ்டில் துபாய்க்கு அனுப்பித்தான் தண்ணீரில் இறக்க முடிந்தது. பெங்களூரில் டால்ஃபின் அக்வாட்டிக்ஸில் நிஹார் அமீனிடம் பயின்று வந்த பையன், விட்டுப்போன மாதங்களை வேறு நாட்டுக் குளத்தில் தேட வேண்டியிருந்தது.

2021 ஜூன் கடைசி வாரம் ரோமில் செட்டே கோலி போட்டி. ஃபோரோ இத்தாலிகோவில் திறந்தவெளிக் குளம். மல்லாந்து நீந்துகிறவருக்குத் திறந்தவெளி ஒரு சோதனை. உள்ளரங்கில் கூரையின் கம்பிகளைப் பார்த்து நேர்கோடு பிடிக்கலாம், வானத்தில் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. அங்கே ஸ்ரீஹரி 53.90-இல் முடித்தார். தகுதி நேரத்தைவிட ஒரு விநாடியில் நூறில் ஐந்து பங்கு கூட.

அது எவ்வளவு என்று காகிதத்தில் கணக்குப் போட்டு அவளுக்குக் காட்டினேன். 54 விநாடியில் நூறு மீட்டர் போகிறவர் 0.05 விநாடியில் ஏறக்குறைய ஒன்பது சென்டிமீட்டர் போவார். என் உள்ளங்கையை மேசைமேல் வைத்தேன். இவ்வளவுதான். இந்த அகலத்துக்காக ஒருவருக்கு ஒலிம்பிக் கதவு மூடிக்கொள்ளும். அவள் தன் கையை என் கைமேல் வைத்து அளந்து பார்த்தாள்.

ரோமில் மறுநாள் அதே குளத்தில் இன்னொரு இந்தியரான சஜன் பிரகாஷ் 200 மீட்டர் பட்டர்ஃபிளையில் 1:56.38 எடுத்து, பத்தில் ஒரு பங்கு விநாடியில் 'ஏ' தகுதியைப் பிடித்தார். இந்தியாவிலிருந்து அதைச் செய்த முதல் ஆள் அவர்தான். பிறந்தது கேரளம் என்றாலும் வளர்ந்தது நெய்வேலியில், அம்மா அங்கே நிலக்கரி நிறுவனத்தில் வேலை பார்த்தார். சுரங்க ஊரின் குளத்தில் நீந்திப் பழகிய பிள்ளை. தோட்டத்து ஆளான எனக்கு இந்த ஒரு தகவல் எந்தப் பதக்கச் செய்தியைவிடவும் இனிக்கிறது. வேலைக்காரர்கள் வாழ்கிற ஊரில் ஒரு குளம் இருந்ததால்தானே அவர் வந்தார்.

ஜூன் 27, தகுதி பெறுவதற்கான கடைசி நாள். போட்டி முடிந்துவிட்டது, பதக்கமும் கொடுத்தாயிற்று. ஸ்ரீஹரிக்கு நேரச் சோதனை ஒன்றுக்கு மட்டும் அனுமதி வாங்கியிருந்தார்கள். பதக்கமில்லாத நீச்சல். எதிரில் இருப்பது கடிகாரம் மட்டும். அந்தக் கடைசி ஐந்து மீட்டரை நான் பலமுறை மனத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். நுரையீரல் எரிகிறது, தொடை கல்லாகிவிட்டது, கொடி தலைக்கு மேல் வந்து போகிறது. இனிமேல் எண்ண வேண்டும். ஒரு வீச்சு முன்னால் பயந்து கையை நீட்டினால் சறுக்கியபடியே நேரம் போய்விடும். ஒரு வீச்சு கூடப் போட்டால் முழங்கை மடங்கிச் சுவரில் இடிக்கும். தொடும்போது மல்லாந்தே இருக்க வேண்டும், உடம்பு குப்புறத் திரும்பிவிட்டால் தகுதியிழப்பு. கண்ணில் படாத சுவரை நம்பி முழு வேகத்தில் கையைப் பின்னால் எறிய வேண்டும்.

53.77.

நேரச் சோதனை செல்லுமா என்ற கேள்வி அதற்குப் பிறகும் இரண்டு மூன்று நாள் தொங்கிக்கொண்டிருந்தது. மாதம் முடிவதற்குள் உலக நீச்சல் சம்மேளனம் ஏற்றுக்கொண்டது. 'ஏ' தகுதியில் ஒலிம்பிக் போன இரண்டாவது இந்திய நீச்சல்காரர் ஆனார் ஸ்ரீஹரி. வயது இருபது.

டோக்கியோவில் ஆளில்லாத அரங்கம். 54.31 எடுத்து 27-ஆம் இடம். அரையிறுதிக்குப் பதினாறு பேர்தான். தங்கம் வாங்கிய ரஷ்யாவின் எவ்கேனி ரைலோவ் 51.98. அடுத்த ஆண்டு பர்மிங்காம் காமன்வெல்த் விளையாட்டில் ஸ்ரீஹரி இறுதிப்போட்டிக்குப் போய் ஏழாவதாக வந்தார். நேரம் அங்கேயும் அதே 54.31. பாரிஸ் 2024-இல் தகுதி நேரம் கைகூடவில்லை. நாட்டுக்கென்று ஒதுக்குகிற இடத்தில் போனார், 55.01, 33-ஆம் இடம். அப்போதும் அவருடைய சிறந்த நேரம் ரோமில் அந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்த 53.77 தான்.

இதைச் சொன்னதும் அவள் முகம் வாடியது. "அப்போ அதுக்கப்புறம் ஜெயிக்கலையா?" ஜெயித்தார், தேசியப் போட்டிகளில் தங்கத்துக்கு மேல் தங்கம். ஆனால் நான் அதைச் சொல்லி அவளைத் தேற்ற விரும்பவில்லை. ஐந்நூறு மணி நேரம் நீந்தினாலும் ஒரு விநாடியில் பாதிகூடக் குறையாத விளையாட்டு இது. குறைந்த நேரம் மறுபடி வராமலே போகலாம். அது தெரிந்தும் விடியற்காலையில் எழுந்து போய்த் தண்ணீரில் இறங்குகிற ஆளைத்தான் நான் மதிக்கிறேன். உலகச் சாதனை இத்தாலியின் தாமஸ் செக்கோனுடையது, 51.60. அந்தத் தூரம் ஸ்ரீஹரிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்துதான் நீந்துகிறார்.

எனக்கு நீச்சல் ஏன் இவ்வளவு முக்கியம் என்று அக்காள் கேட்டாள். அவளுக்கே தெரிந்த காரணம்தான். எங்கள் தோட்டத்துக்குப் பின்னால் ஈயம் தோண்டிவிட்டுப்போன பழைய குட்டை ஒன்று இருந்தது. நான் ஐந்தாம் ஆண்டு படிக்கும்போது எங்கள் லயத்துப் பையன் ஒருவன் அதில் இறங்கி, ஏறவே இல்லை. அன்றையிலிருந்து தோட்டத்து அம்மாக்களுக்குத் தண்ணீர் என்றால் எமன். ஆற்றங்கரைப் பக்கம் போனாலே பிரம்படி. பெரியப்பா மட்டும் கேட்கவில்லை. பால் நிறுத்துவிட்டு வந்ததும் என்னை ஆழமில்லாத ஆற்று மடுவுக்குக் கூட்டிப்போய், முதுகுக்கடியில் ஒரு கையைக் கொடுத்து மல்லாக்கப் படுக்க வைப்பார். "காது முங்கட்டும்டா. தலையைத் தூக்கினா காலு முங்கும். காது முங்கினாத்தான் உடம்பு மிதக்கும்." எப்போது கையை எடுத்தார் என்று தெரியாது. மேலே கித்தா மரத்து இலைகள் நகர்ந்துகொண்டிருந்தன. மரம் நகரவில்லை, நான்தான் நகர்கிறேன் என்று புரிய வெகுநேரமாயிற்று.

தோட்டம் போய் தாமான் வந்துவிட்டது. பயம் மட்டும் மூட்டைமுடிச்சோடு கூடவே வந்துவிட்டது. அக்காள் மகளோடு நீந்துகிற பிள்ளைகளில் நம் பிள்ளைகளை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். கட்டணம் ஒரு காரணம், கூட்டிப்போக ஆளில்லாதது இன்னொரு காரணம், நீச்சல் உடுப்பில் பெண்பிள்ளையை அனுப்பக் கூச்சப்படுவது மூன்றாவது. மூன்றையும் தாண்டித்தான் அக்காள் இவளை அனுப்புகிறாள். நம் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் வாரத்தில் ஒரு நாள் ஒரு வேனுக்கு ஏற்பாடு செய்தால் போதும், முதலில் மிதக்கக் கற்றுக்கொடுக்கலாம். இதை எழுதுவதில் எனக்குத் தயக்கமே இல்லை.

இந்தச் சனிக்கிழமை மறுபடி போனோம். உச்சந்தலை வீக்கம் வற்றியிருந்தது. கரையில் நின்றால் அவள் உதடு அசைவது தெரியும். கொடி தாண்டியது. பக்கத்துத் தடத்தில் அதே பையன். இவள் தலை அசையவில்லை, காது இரண்டும் தண்ணீருக்குள். நான்கு, ஐந்து என்று நானும் கரையில் எண்ணினேன். ஆறில் கை பின்னால் போய்ச் சுவரில் பட்டது. எழுந்து நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தன் உள்ளங்கையைச் சுவரில் ஒட்டிவைத்து அதன் அகலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.