ஒரு சொல், மூன்று பொருள்

"பொறுத்தார் பூமி ஆள்வார்" என்பது நம் முன்னோர் வாக்கு. ஆயினும் பெண் பிள்ளைகளாகிய நமக்கு அது சற்று அதிகமாகவே சொல்லப்படுகிறது. "பொறு, காத்திரு" என்று கேட்டுக் கேட்டு, காத்திருப்பது என்றாலே கையைக் கட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். ஓர் ஸ்பானியச் சொல் அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது.

'எஸ்பெரார்' என்பதே அச்சொல். பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர், "பேருந்துக்குக் காத்திருக்கிறேன்" என்பதற்கு இதைத்தான் சொல்வார். "அவன் வருவான் என்று நம்புகிறேன்" என்பதற்கும் இதே சொல். கருவுற்ற தாய் குழந்தையை எதிர்பார்க்கிறாள் என்பதற்கும் இதுவே! மருத்துவமனையில் நோயாளிகள் காத்திருக்கும் அறைக்கு 'சாலா தே எஸ்பேரா' என்று பெயர். மறைக்கல்வி வகுப்பில் நாம் படிக்கும் எதிர்நோக்கு என்னும் புண்ணியம் அவர்களுக்கு 'எஸ்பெரான்சா'. லத்தீனில் இதன் தாய்ச்சொல்லுக்கு நம்புதல் என்பதே பொருள். ஸ்பானிய மக்கள் அதைக் காத்திருத்தலுக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள்.

ஒரே சொல்லை மூன்று வேலைக்கு வைத்திருப்பது மொழியின் வறுமை அல்லவா என்று சிலர் கேட்கலாம். வறுமை அன்று, அனுபவம் என்பேன் நான். நம்பிக்கை இல்லாதவன் பேருந்து நிறுத்தத்தில் நிற்பானா? வீட்டுக்கு நடந்து அல்லவா போய்விடுவான்!

காத்திருப்பதன் வேதனையையும் அவர்கள் அறியாமல் இல்லை. "எல் கே எஸ்பேரா, தெசெஸ்பேரா" என்பது அவர்கள் பழமொழி. காத்திருப்பவன் நம்பிக்கை இழப்பான் என்பது அதன் பொருள். இது உண்மையானால் என் கருத்து தோற்றுவிடும். ஆனால் தோற்காத தாய்மார் சிலரை வரலாறு காட்டுகிறது.

ஸ்பானிய மொழி பேசும் அர்ஜென்டினாவில் 1976 முதல் 1983 வரை இராணுவ ஆட்சி நடந்தது. ஆயிரக்கணக்கானோர் பிடித்துச் செல்லப்பட்டுக் காணாமற்போயினர். அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய தாய்மார்களுக்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை. 1977 ஏப்ரல் 30 அன்று அவர்களில் சிலர் தலைநகர் புவெனஸ் ஐரிஸில் மே சதுக்கத்தில் கூடினார்கள். கூட்டமாக நிற்கக்கூடாது, நடங்கள் என்றது காவல்துறை. அவர்கள் நடந்தார்கள்! சதுக்கத்தைச் சுற்றி வியாழன்தோறும் நடந்தார்கள். குழந்தைக்குக் கட்டும் வெள்ளைத் துணியைத் தலையில் முக்காடாகக் கட்டிக்கொண்டார்கள். அவர்களை முன்னின்று நடத்திய அசுசேனா வில்லாஃப்ளோரும், துணை நின்ற பிரெஞ்சுக் கன்னியர் ஆலிஸ் தோமோன், லெயோனி துக்கே ஆகியோரும் அதே ஆண்டு டிசம்பரில் கடத்திக் கொல்லப்பட்டனர். அப்போதும் நடை நிற்கவில்லை.

காணாமற்போன பிள்ளைகளில் பெரும்பாலோர் திரும்பவில்லை. ஆனால் சிறைப்பட்ட தாய்மாரிடமிருந்து பறிக்கப்பட்ட பேரக்குழந்தைகளைத் தேடிய பாட்டிமார், இதுவரை 130க்கும் மேற்பட்டவர்களைக் கண்டறிந்துள்ளனர். சும்மா உட்கார்ந்திருந்தால் இது நடந்திருக்குமா?

நம் தமிழிலும் இந்த உண்மை ஒளிந்திருக்கிறது. 'காத்திரு' என்னும் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். காத்து இரு. காத்தல் என்றால் பாதுகாத்தல் அல்லவா? வரவேண்டியது வரும்வரை அதற்குரிய இடத்தை அழியாமல் காப்பதே காத்திருத்தல்.

ஆகவே பெற்றோர்களே, எங்களிடம் "காத்திரு" என்று சொல்லும்போது, எதை நம்பிக் காத்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தோழியரே! தேர்வு முடிவுக்கோ, மேற்படிப்புக்கோ, வீட்டில் ஒரு நல்ல காலத்துக்கோ நாம் காத்திருக்க நேரலாம். அப்போது உட்கார்ந்துவிட வேண்டாம். அந்தத் தாய்மாரைப் போல நடந்துகொண்டே காத்திருப்போம்!

— பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி