ஹயா என்பது நோயை மறைப்பதன்று

மார்பகப் புற்றுநோயைப் பற்றியும் சுயபரிசோதனை பற்றியும் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே கற்பிக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தால், நம் சமுதாயத்தில் வரும் முதல் மறுப்பு, "ஹயா கெட்டுவிடும்" என்பதே. இம்மறுப்பை மார்க்கத்தின் அளவுகோலைக் கொண்டே எடைபோடுவோம்.

நிஸ்வான் மதரஸாக்களில் ஹைளு, இஸ்திஹாளா, கடமையான குளிப்பு ஆகியவற்றின் சட்டங்களை ஒளிவுமறைவின்றிக் கற்பிக்கிறோம். தொழுகை அவற்றைப் பொறுத்தது என்பதால் எவரும் முகம் சுளிப்பதில்லை. பெண்ணுக்குக் கனவில் ஸ்கலிதமானால் குளிப்பு கடமையா என்று உம்மு சுலைம் (ரலி) அவர்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடமே கேட்டார்கள். நபியவர்கள் கடிந்துகொள்ளவில்லை, விடையளித்தார்கள். தொழுகைக்காக உடலை அறியலாம், உயிரைக் காக்க அறியக் கூடாது என்பது என்ன நியாயம்?

இந்தியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே. தொடக்கத்தில் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. வலியில்லையே என்று சில மாதங்களும், வெட்கத்தால் சில மாதங்களும் கழிகின்றன. அதற்குள் நோய் அக்குள் வரை பரவிவிடக்கூடும்.

பள்ளி வயதில் இந்நோய் மிக அரிது. அவ்வயதில் தென்படும் கட்டிகள் பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. இதையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும், பிள்ளைகளை அச்சுறுத்தலாகாது. ஆயினும், இன்று கற்கும் பிள்ளை வீட்டில் உம்மாவிடம் அதைச் சொல்லும். நோய் வரும் வயதில் இருப்பவர் அந்த உம்மாதான்.

கற்பிக்க வேண்டியது சிறிதே. புதிய கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளிழுத்தல், இரத்தக் கசிவு, அக்குளில் வீக்கம் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் தாமதியாது மருத்துவரிடம் செல்ல வேண்டும். மாதவிடாய் முடிந்த சில நாட்களில் தடவிப் பார்ப்பது எளிது. ஆனால், மருத்துவப் பரிசோதனைக்கோ மாமோகிராமுக்கோ அது மாற்றாகாது. 30 வயதைக் கடந்த பெண்களுக்கு அரசின் திட்டத்திலேயே மார்பகப் பரிசோதனை உண்டு என்பதையும் பிள்ளைகள் அறியட்டும்.

பெண் மருத்துவர் ஒருவரும் ஆலிமா ஒருவரும் ஆண்டுக்கு ஒருமுறை, பெண்கள் மட்டும் கூடும் வகுப்பில் இதை நடத்தினால் ஹயாவுக்கு என்ன குறை? தாய்மார்களையும் அழைப்போம். பெண் மருத்துவர் கிடைக்காத நிர்ப்பந்தத்தில் ஆண் மருத்துவரிடம் காட்டவும் ஷரீஅத் இடமளிக்கிறது என்பதை ஜும்ஆ மேடையில் ஆண்களுக்கும் எடுத்துரைப்போம்.

உடல் அல்லாஹ் தந்த அமானிதம். அதைப் பேணும் அறிவை நம் பெண் மக்களுக்கு வழங்க வல்ல ரஹ்மான் நமக்குத் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.