அறுபது வரை அடுப்பு எரிய வேண்டாமா?

தீவுகளில் மத்திய அரசுப் பணியிலிருக்கும் நம்மவர்கள் நாலு பேர் கூடினால், 'வி.ஆர்.எஸ். கொடுத்துவிட்டு ஊரோடு போய்விடலாமா?' என்ற பேச்சு எழாமலிராது. ஊரில் தள்ளாத பெற்றோர். சென்னைக்கோ மூன்று நாள் கப்பல். ஆசை நியாயமானதே. கணக்கு?

1.1.2004-க்கு முன் சேர்ந்தவர் 20 ஆண்டு முடித்து விலகினால் மறுநாள் முதலே ஓய்வூதியம் உண்டு. அதன்பின் சேர்ந்து, 1.4.2025 முதல் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தைத் தேர்ந்தவர் கதை வேறு. 25 ஆண்டு முடித்தால் கடைசி 12 மாதச் சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதி. 20 முதல் 25 வரை என்றால் அந்த விகிதப்படி. ஆனால் கைக்கு வருவது, 60 வயதில் ஓய்வு பெற வேண்டிய நாளிலிருந்துதான்! 25 வயதில் சேர்ந்து 47-இல் விலகுபவர், தமக்குரிய 44 விழுக்காட்டுக்காக 13 ஆண்டு காத்திருக்க வேண்டும். அதுவரை அகவிலை நிவாரணமும் கிடையாது. பணிக்கொடையும் மொத்தத் தொகையும் முன்னதாகவே கிடைக்கும், உண்மைதான். அது ஒரு மகள் கல்யாணத்தோடு கரைந்துபோவது நாம் அறியாததா?

மாதாமாதம் 10 விழுக்காடு கட்டி வந்தவர் கேட்பது தர்மமல்ல. தொகையைச் சற்றுக் குறைத்தாவது, விலகிய மாதம் முதலே பெறும் விருப்பத்தை அவருக்குத் தரலாம். ஊழியர் சங்கங்கள் இதை வற்புறுத்த வேண்டும். அதுவரை, மூன்று மாத நோட்டீசில் கையெழுத்திடுமுன், தகுதிப் பணிக்காலம் எத்தனை ஆண்டு என்பதை அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள்.