கமக் கணக்கும் கணினியும்

கமக்காரரே! கணினியிற் கணக்கு வைத்தல் பெருந்தோட்ட முதலாளிகளுக்கே உரியதெனப் பலர் எண்ணுகின்றனர். எமது கருத்து வேறு. நான்கு பரப்பில் வெங்காயம் நடுபவருக்கே அது முதலில் வேண்டும். நட்டத்தைத் தாங்கும் வலு அவருக்கே குறைவு. இதற்கென மென்பொருளை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. கைத்தொலைபேசியில் எக்செல் போன்ற கணக்குத்தாள் ஒன்றே போதும்.

ஆயினும் எழுதாததை எந்திரம் அறியாது. வீட்டிலே பிடியாகக் கட்டித் தொங்கவிட்ட விதை வெங்காயத்தை இலவசமெனக் கொள்ளற்க. நடும் நாளின் சந்தை விலையை அதற்கு இடுக. வீட்டாரின் வேலைக்கும் நாட்கூலி எழுதுக. இவை விடுபட்டால் கணக்கு இலாபங் காட்டும். நகையோ அடைவிலே கிடக்கும். 2021இல் இரசாயன உர இறக்குமதி தடுக்கப்பட்டதை மறந்திருக்கமாட்டீர். உரவிலையை வாங்கிய அன்றே பதிக. காலபோக நெல்லை மழை வளர்க்கிறது. இறைப்புச் செலவை வெங்காயத்தின் பக்கத்திலேயே எழுதுக.