யார் கடைந்த குழல்?

இசைக்கருவிகளைப் பற்றி எழுத நேரும்போது நம்மவர்கள் ஆசையோடு கையாளும் சொல் 'ரகசியம்'. நாதஸ்வரத்தின் ரகசியம், மிருதங்கத்தின் ரகசியம், ஆசாரியின் கைரகசியம் என்று தலைப்பிட்டுவிட்டால் கட்டுரைக்கு ஒரு மர்மக்களை வந்துவிடுகிறது. இச்சொல்லோடு நமக்குப் பிணக்கு உண்டு. ஒருவர் கேட்டு மற்றவர் சொல்ல மறுப்பதுதான் ரகசியம். எவரும் கேட்கவே இல்லை என்றால் அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டும்.

இந்த எண்ணத்தைக் கிளப்பிவிட்டது ஒரு பேஸ் கித்தார். இளையரசனேந்தல் வட்டாரத்துக் கல்யாண வீட்டு ஒலிபெருக்கிகளில் இளையராஜாவைக் கேட்டு வளர்ந்த நம் தலைமுறைக்கு, பாட்டின் அடியில் தனி வழி போட்டுக்கொண்டு ஓடும் அந்தக் கனத்த தந்தியொலியின் மீது தீராத மோகம் இருக்கிறது. அந்த மோகத்தில் கருவியின் வரலாற்றைத் தேடிப் போகிறவர்களுக்குக் குறைவின்றித் தகவல்கள் கிடைக்கின்றன. லியோ ஃபெண்டரின் மின்சார பேஸ் 1951இல் விற்பனைக்கு வந்தது. நான்கு தந்திகள் கொண்டது. அதன் அடித்தந்திக்கும் கீழே இறங்கி வாசிக்க வேண்டும் என்று அமெரிக்கக் கலைஞர் ஆன்டனி ஜாக்சனுக்கு ஆசை. நியூயார்க்கில் கித்தார் செய்துகொண்டிருந்த கார்ல் தாம்ஸனிடம் சொன்னார். 1975இல் ஆறு தந்திகளோடு அவருக்கென்றே ஒரு கருவி உருவாயிற்று. தந்திகளின் இடைவெளி போதவில்லை என்று வாசித்தவர் குறைபட்டது வரைக்கும் பதிவாகியிருக்கிறது. கேட்டவர் பெயரும் செய்தவர் பெயரும் சேர்ந்தே சொல்லப்படுகின்றன.

பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க் நகரில் வாங்கிய ஹாஃப்னர் பேஸ் கித்தார் 1972இல் லண்டனில் களவுபோயிற்று. ஆர்வலர்கள் விடாமல் தேடினார்கள். ஐம்பதாண்டுகள் கழித்து அது அகப்பட்டு உரியவரிடம் போய்ச் சேர்ந்த செய்தி 2024இல் வெளியானது. ஒரு கருவி எங்கே பிறந்தது, யார் யார் கைக்குப் போயிற்று என்று அறிவதில் அந்தச் சமூகம் காட்டும் சிரத்தை கொஞ்சம் அதிகப்படியோ என்றுகூடத் தோன்றும். நம் பக்கம் திரும்பினால் அப்படித் தோன்றாது.

ஜாக்சனின் ஆசை நமக்குப் புதிதல்ல. கீழ்ச்சுருதி வேண்டுமென்று ஒரு மேதை கேட்டு, ஒரு கைவினைஞர் செய்து கொடுத்த கதை காவிரிக் கரையில் ஒரு தலைமுறைக்கு முன்பே நடந்திருக்கிறது. பழைய நாதஸ்வரம் திமிரி. குட்டையானது, நான்கு கட்டை, ஐந்து கட்டைச் சுருதியில் வீதியெல்லாம் எட்டும்படி ஒலிப்பது. சுவாமி புறப்பாட்டுக்கு அது போதும். ஆனால் மேடையில் உட்கார்ந்து ஒரு தோடியை மணிக்கணக்கில் விரிக்க வேண்டும் என்கிறபோது அந்தக் கூர்மை இடைஞ்சலாகிறது. தவிர, பழைய குழலில் சுத்த மத்திமம் பிடிகொடுக்காமல் படுத்திக்கொண்டிருந்தது. வாசிப்பவர் உதட்டாலும் மூச்சாலும் அதைச் சரிக்கட்ட வேண்டியிருந்தது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நீண்ட குழலைக் கையில் எடுத்தார். அதுதான் பாரி. நீளம் ஏறத்தாழ இரண்டரை அடி, சுருதி இரண்டு அல்லது இரண்டரைக் கட்டை. துளைகளின் இடங்களை மாற்றி மாற்றிப் பார்த்து, மத்திமத்தை அதற்குரிய இடத்தில் உட்காரவைத்த பெருமை நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியைச் சேரும்.

இன்று நாதஸ்வரம் என்று நாம் கேட்பது பெரும்பாலும் இந்தப் பாரியைத்தான். நாதஸ்வரச் சக்கரவர்த்தியைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. அவர் சூட்டு, கோட்டு, கிராப்புத் தலை, கோபதாபங்கள் எல்லாமே இலக்கியமாகியிருக்கின்றன. ரங்கநாதன் ஆசாரியைப் பற்றி? ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ஒரு வரி, நாளிதழ் ஞாயிற்றுப் பக்கத்தில் எப்போதாவது ஒரு பத்தி.

இந்தக் கரிசல் பூமிக்கும் அதில் பங்கு உண்டு. ராஜரத்தினம் பிள்ளையின் சீடர் காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) கோவில்பட்டியைத் தம் ஊராக்கிக்கொண்டவர். இளையரசனேந்தல்காரர்களுக்குக் கோவில்பட்டி சந்தைக்கும் சினிமாவுக்கும் போய்வரும் ஊர். காருகுறிச்சியார் நம் வீட்டு மனிதர் என்ற உரிமை இங்கே பேச்சில் தானாக வந்துவிடும். 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவருடைய குழல் பின்னிப் பிணையும் ஆபேரியை அறியாத தமிழர் குறைவு. குரலுக்கு நாதஸ்வரம் ஈடுகொடுத்ததா, நாதஸ்வரத்துக்குக் குரல் ஈடுகொடுத்ததா என்று திண்ணைகளில் வழக்காடியவர்கள் ஏராளம். கீழ்ச்சுருதிக் குழல் இல்லாமல் அந்த உறவாடல் நடந்திருக்க இயலாது என்பது நம் துணிபு. திமிரியின் பக்கத்தில் நிறுத்தினால் எந்தக் குரலும் எடுபட்டிருக்காது. அந்தக் குழலைக் கடைந்தவர் யார் என்ற கேள்வி மட்டும் அந்தத் திண்ணைகளில் எழவில்லை. பக்கத்து இடைசெவலில் கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி என்று இரண்டு இசைப்பித்தர்கள் இருந்த வட்டாரம் இது. கேள்வி ஞானத்துக்குப் பஞ்சமில்லை. கேள்விதான் பஞ்சம்.

மரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாதஸ்வரத்தின் உடல் ஆச்சா மரத்தால் ஆனது. பச்சை மரம் ஆகாது. ஈரம் சுண்டச் சுண்டக் குழல் வெடிக்கும், சுருதி நகரும். ஆகவே ஆசாரிகள் தேடுவது பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்தரங்களையும் தூண்களையும். பல பத்தாண்டுகள் ஒரு கூரையைச் சுமந்து, அடுப்புப் புகையையும் கோடையையும் குடித்து இறுகிய மரம். அதைப் பிளந்து, கடைசலில் ஏற்றி, நடுவில் துரப்பணம் செலுத்தி, மேலே ஒடுங்கியும் கீழே விரிந்தும் இருக்கும்படி உள்துளையைக் குடைகிறார்கள். விரல்களுக்கு ஏழு துளைகள். அவற்றுக்குக் கீழே விரல் படாத பிரம்மசுரத் துளைகள் ஐந்து. அடியில் அணசு, தலையில் கெண்டை, அதன் மேல் சீவாளி. சீவாளிக்கான கொறுக்கைத் தட்டை காவிரிக் கரையில் வளர்வது. அதைப் பதப்படுத்துவது தனித் தொழில், தனிக் குடும்பங்கள். திருவாவடுதுறை அதற்குப் பேர்போனது. ஆக, கோவில்பட்டியில் ஒலித்த ஆபேரிக்குள் தஞ்சைச் சீமையின் ஆற்றங்கரையும், யாருடையதென்று அறிய முடியாத ஒரு வீட்டு உத்தரமும் இருந்தன. எந்த வீடு, அதில் யார் பிறந்தார்கள், ஏன் பிரித்தார்கள் என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது. இந்த மறைவை நாம் ரசிக்கவே செய்கிறோம். மரத்துக்கு மறதி அழகு. அதைக் குடைந்த மனிதருக்கு அதே மறதியை வழங்குவது எந்த அழகில் சேர்த்தி?

தொழில் நுணுக்கத்தைப் பிள்ளைகளுக்கு மட்டுமே சொல்லிக்கொடுக்கும் பட்டறைகள் உண்டே, அது ரகசியம் இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. துளையளவை வெளியே சொல்லிவிட்டால் நாளை எவரும் செய்து விற்பார்கள். சொல்லாமலிருப்பது ஆசாரியின் ஒரே சொத்துப் பத்திரம். அதை நாம் மதிக்கிறோம். ஆனால் அளவைச் சொல்ல வேண்டாம் என்றுதான் அவர் விரும்பினார். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று அவர் எப்போது கேட்டுக்கொண்டார்?

மிருதங்கத்துக்கு வந்தால் நிலைமை இன்னும் கசப்பானது. நம் சங்கீதத்தில் பேஸ் என்று ஒன்றைச் சுட்ட வேண்டுமானால் அது மிருதங்கத்தின் இடந்தலைதான். தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்பி வாத்தியக்காரர் கும்கி எழுப்பும்போது அரங்கத்தின் அடிவயிறு அதிர்கிறது. பாலக்காடு மணி ஐயர் (1912–1981) தமக்கு வேண்டிய நாதத்தைத் தஞ்சாவூர் செபாஸ்டியன் குடும்பத்துப் பர்லாந்திடம் கேட்டுக் கேட்டு வாங்கியவர். இவர் நாதத்தைச் சொல்ல, அவர் தோலில் அதைத் தேட, பல ஆண்டுகள் நடந்த உரையாடல் அது. தோல் பசுவினுடையது, ஆட்டினுடையது, எருமையினுடையது. செய்தவர்கள் தலித் கிறிஸ்தவர்கள். வாசித்தவர்களில் பலர் பிராமணர்கள். பசுத்தோல் என்பதை அறிந்துகொண்டே அறியாதிருக்கும் ஒரு பழக்கத்தைச் சபைகள் தலைமுறை தலைமுறையாகப் பயின்றன. நாம் மேலே சொன்ன 'வேறு பெயர்' இங்கே தேவைப்படுகிறது. இது ஆசாரியின் மௌனம் அல்ல, சபையின் மௌனம்.

டி.எம். கிருஷ்ணா இந்தக் குடும்பங்களைத் தேடிப்போய்ப் பேசி எழுதிய நூல் 2020இல் வெளிவந்தது. வெளியீட்டுக்கு அரங்கம் தருவதாகச் சொல்லியிருந்த கலாக்ஷேத்ரா, நூலின் ஒரு பகுதி நாளிதழில் வந்ததும் அனுமதியை விலக்கிக்கொண்டது. விழா ஆசிய இதழியல் கல்லூரிக்கு இடம்பெயர்ந்து பிப்ரவரி 2ஆம் நாள் நடந்தது. கிருஷ்ணாவின் எல்லா முடிவுகளோடும் ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. ஆனால் மிருதங்கம் செய்தவர்களின் பெயர்களை அச்சிட்ட ஒரு புத்தகத்துக்கு அரங்கின் கதவு மூடிக்கொண்டது என்பதை யோசித்தால், யார் யாரிடமிருந்து எதை மறைத்து வந்தார்கள் என்பது துலங்கும்.

நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தஞ்சாவூர் வீணைக்கு முன்பே கிடைத்துவிட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் குறியீடு ஊரின் பெயரைக் காக்கும். ஆளின் பெயரைக் காக்காது. அவ்வூரில் இன்னமும் குழல் கடைபவை விரல்விட்டு எண்ணத்தக்க குடும்பங்களே. கல்யாணங்களில் செண்டை மேளம் நுழைந்த பின்பு நாதஸ்வரம் வாங்குகிறவர்களும் அருகிவிட்டார்கள். பழைய உத்தரங்களும் அருகிவருகின்றன, கான்கிரீட் வீட்டைப் பிரித்தால் ஆச்சா கிடைக்கப்போவதில்லை.

இலக்கியக்காரர்களாகிய நம் பங்கையும் சொல்லிவிட வேண்டும். கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பாள்' நாதஸ்வரக்காரரை நாயகனாக்கியது. தி. ஜானகிராமனின் பக்கங்களில் பாடகர்கள் உயிரோடு நடமாடுகிறார்கள். கடைசல் பட்டறையின் மரத்தூளோ, தோல் பதனிடும் முற்றத்தின் வாடையோ நம் புனைவுக்குள் வந்தது மிகச் சொற்பம். நாதத்தை வியந்து பக்கம் பக்கமாக எழுதிய மரபு, அந்த நாதம் எந்தக் கையால் குடையப்பட்டது என்பதைப் பாத்திரமாக்கத் தயங்கியிருக்கிறது. கடம் செய்யும் மானாமதுரை வேளாருக்கும் இதே கதிதான்.

மெக்கார்ட்னியின் கித்தாரைத் தேடியவர்களைப்போல நாம் தேசம் முழுதும் அலைய வேண்டியதில்லை. காருகுறிச்சியாருக்குக் கோவில்பட்டியில் சிலை இருக்கிறது. அவர் வழியில் வாசிக்கும் கலைஞர்கள் இவ்வட்டாரத்தில் இன்னமும் இருக்கிறார்கள். அவர்களிடம் குழல் யார் செய்தது, எந்த ஆண்டு, என்ன விலை, எதற்காகத் திருப்பிக் கொடுத்துச் சரிசெய்து வாங்கினார்கள் என்று கேட்டு எழுதிவைக்கலாம். இப்பக்கத்தின் நண்பர்கள் எழுதி அனுப்பினால் வெளியிடுவோம். நம்மூர்க் கொடைவிழா நோட்டீசுகளில் பந்தல்காரர் பெயர், ஒலி ஒளி அமைப்பாளர் பெயர், நோட்டீசை அச்சிட்ட அச்சகத்தின் பெயர்கூடத் தவறாமல் இருக்கும். நாதஸ்வரம் இன்னார் என்று போடுமிடத்தில், குழல் இன்ன ஆசாரி என்று இன்னொரு வரி சேர்க்க எந்த அச்சகமும் கூடுதல் காசு கேட்கப்போவதில்லை.