மவுஸும் ஒரு குட்டி வானொலிதான்

மவுஸை நகர்த்துகிறீர்கள். திரையில் அம்பு அசையவில்லை. மறுபடியும் நகர்த்துகிறீர்கள், அப்போதும் இல்லை. மேசையில் இரண்டு தட்டு தட்டியதும் அம்பு துள்ளி எழுந்து மூலைக்குப் பாய்கிறது. போகிற போக்கில் மூடக்கூடாத பக்கத்தை மூடியும் விடுகிறது. "இது சரிப்பட்டு வராது, புதுசு வாங்கிடலாம்" என்று கடைக்குப் போய் முப்பது வெள்ளி கொடுத்து இன்னொன்று வாங்கி வருகிறீர்கள். இரண்டே நாளில் அதுவும் அதே ஆட்டத்தை ஆடுகிறது.

சிலிபின் வட்டாரத்தில் எனக்குத் தெரிந்த நான்கைந்து வீடுகளில் இந்தக் கதை நடந்திருக்கிறது. கோயில் திருவிழாவுக்கு பேனர் வடிவமைக்கும் தம்பி, இணையத்தில் டியூஷன் நடத்தும் ஆசிரியை, எஸ்பிஎம் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளை என்று எல்லாரும் மவுஸைத்தான் திட்டினார்கள். பார்க்கப்போனால் பல வீடுகளில் மவுஸில் குறையே இல்லை. வானொலியில் வேலை பார்ப்பவள் என்பதால் எனக்கு இது பழகிய குறை. ரேடியோவில் லைன் சரியாக எடுக்கவில்லை என்போமே, அதேதான் இங்கேயும்.

சந்தைக் கூட்டத்தில் ஒரு சின்னக் குரல்

கம்பியில்லா மவுஸுக்குள் ஒரு குட்டி ஒலிபரப்பி இருக்கிறது. கணினியில் செருகுகிறோமே, நகம் அளவு ஒரு துண்டு, 'டாங்கிள்' என்பார்கள், அதுதான் கேட்கும் ரேடியோ. நீங்கள் கையை நகர்த்தும்போது, "இவ்வளவு வலப்பக்கம், இவ்வளவு மேலே" என்று மவுஸ் ஒரு நொடிக்குள் பல முறை செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். டாங்கிள் அதைக் கேட்டுக் கணினிக்குச் சொல்லும். நடுவில் இரைச்சல் புகுந்தால் செய்தி அறுந்துபோகும். அம்பு நின்றுவிடும்.

எங்கள் எஃப்எம் ஒலிபரப்பு 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான வரிசையில் நடக்கிறது. அங்கே இடம் வேண்டுமானால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் ஒதுக்கித் தர வேண்டும். ஒருவர் இருக்கும் இடத்தில் இன்னொருவர் வந்து உட்கார முடியாது. சிலிபினில் நின்று பார்த்தால் கிளேடாங் மலையின் உச்சியில் கோபுரங்கள் தெரியும். அவ்வளவு உயரத்தில் இருந்து, தனக்கென்று ஒதுக்கிய இடத்தில், பலமாகப் பேசுவதால்தான் வானொலி உங்கள் சமையலறை வரைக்கும் தெளிவாக வருகிறது.

மவுஸுக்கு அந்த வசதி எதுவும் இல்லை. அது பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸில். 1947-இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த அனைத்துலக மாநாட்டில், தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கென்று ஒதுக்கி வைத்த பகுதி அது. தனி லைசென்ஸ் எடுக்காமலே பயன்படுத்தலாம் என்பதால் பிற்காலத்தில் எல்லாரும் அங்கேயே கடை போட்டுவிட்டார்கள். வீட்டு வைஃபை அங்கே, புளூடூத் அங்கே, பக்கத்து வீட்டு வைஃபையும் அங்கே. மைக்ரோவேவ் அடுப்பு கூட 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் சூடாக்குகிறது. இரவுச் சந்தையில் எல்லாக் கடைக்காரர்களும் ஒரே நேரத்தில் கூவினால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கிறது அந்த இடம். அதற்கு நடுவே மவுஸின் குரல் பலம், ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான்.

இத்தனை கூட்டத்திலும் அது பிழைத்து நிற்க ஒரு தந்திரம் இருக்கிறது. ஒரு பாதையில் இரைச்சல் அதிகமானால் இன்னொரு பாதைக்குத் தாவிவிடுவது. புளூடூத் ஒரு நொடிக்கு 1,600 முறை வரை தாவும். இந்த யோசனையின் பழைய வடிவங்களில் ஒன்றுக்கு 1942-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர்களில் ஒருவர் ஹாலிவுட் நடிகை ஹெடி லமார். இசையமைப்பாளர் ஜார்ஜ் அன்தீலும் அவரும் சேர்ந்து, எதிரி குறுக்கிட முடியாதபடி நீர்மூழ்கிக் குண்டை ரேடியோவால் இயக்க அந்த வழியை வகுத்தார்கள். ஆனால் தாவிப் போகிற இடமெல்லாம் இரைச்சலாக இருந்தால் எந்தத் தந்திரமும் எடுபடாது.

"கை நடுங்குதும்மா"

முப்பது வெள்ளி நட்டம்தானே, இதற்கு ஒரு பத்தி எழுத வேண்டுமா என்று நினைக்கலாம். நட்டம் எப்போதும் முப்பது வெள்ளியோடு நின்றுவிடுவதில்லை.

எங்கள் பக்கத்தில் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர். அவர் பிறந்து வளர்ந்த ரப்பர்த் தோட்டம் இன்றைக்கு இல்லை. அங்கே தாமான் வந்துவிட்டது. எந்த லயத்தில் எந்தக் குடும்பம் இருந்தது, பிரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்ட கிராணி யார், கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியது யார் என்று தனக்குத் தெரிந்ததையெல்லாம் கணினியில் தட்டச்சு செய்து வைத்துக்கொண்டிருந்தார். அந்தத் தோட்டத்தைப் பற்றி விவரம் சொல்ல அவரை விட்டால் இன்னும் இரண்டு மூன்று பேர்தான் மிச்சம்.

திடீரென்று அந்த வேலையை நிறுத்திவிட்டார். ஏனென்று கேட்டேன். "கை நடுங்குதும்மா. ஒரு எடத்துல வச்சா இன்னொரு எடத்துக்கு ஓடுது. ரெண்டு பக்கம் அழிஞ்சே போச்சு. இனிமே நம்மால ஆகாது" என்றார். வீட்டில் உள்ளவர்களும் "வயசாயிடுச்சு, விடுங்கப்பா" என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள்.

இதைச் சொல்லிக்கொண்டே அவர் கோப்பிக் கோப்பையை எடுத்துக் குடித்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. அவர் கையெழுத்தைப் பார்த்தேன். கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது.

மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தேன். இரும்பு மேசை. அதற்கடியில் சுவரோடு ஒட்டி கணினிப் பெட்டி. டாங்கிள் பெட்டியின் பின்பக்கம், நீல நிறத் துளையில் செருகியிருந்தது. அதை ஒட்டிய இன்னொரு நீலத் துளையில், எழுதியதைப் பத்திரப்படுத்த மகன் வாங்கிக் கொடுத்த வெளி ஹார்ட் டிஸ்க். பெட்டியின் தலைக்கு மேல் வைஃபை ரூட்டர். மவுஸின் குரல் டாங்கிளுக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் இரும்பைத் தாண்டி, பெட்டியைச் சுற்றி, இரண்டு இரைச்சல்களுக்கு நடுவே புகுந்து போக வேண்டும்.

ஒரு யுஎஸ்பி நீட்டிப்புக் கேபிளை முன்பக்கத்துக் கறுப்புத் துளையில் செருகினேன். அதன் மறுமுனையில் டாங்கிளைப் போட்டு, மேசை மேல் மவுஸுக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்தேன். ரூட்டரை அலமாரிக்கு மாற்றினேன். அவர் மவுஸைப் பிடித்தார். அம்பு அவர் சொன்ன இடத்துக்குப் போனது. நின்ற இடத்தில் நின்றது.

சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "தோட்டத்துல எங்கப்பா ரேடியோவ இப்படித்தான் திருப்பித் திருப்பி வைப்பாரு."

நூற்றுக்கு நூறு சரி. பழைய டிரான்சிஸ்டர் பெட்டிக்குள் மத்திய அலைக்கென்று கறுப்பு நிறத்தில் ஃபெரைட் கம்பி ஒன்று படுத்திருக்கும். நிலையம் இருக்கும் திசைக்கு அது எப்படி வாகாக இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் லைன் எடுக்கும். அதனால்தான் லயத்து வாசலில் உட்கார்ந்து பெட்டியைத் திருப்பிக்கொண்டே இருந்தார்கள். அன்றைக்குக் கைப்பழக்கத்தில் தெரிந்த வித்தை இன்றைக்கு மவுஸுக்கும் செல்லும்.

நீலத் துளையின் ரகசியம்

ஹார்ட் டிஸ்க் எப்படி மவுஸுக்கு எதிரி ஆனது? யுஎஸ்பி 3.0 என்ற வேகமான இணைப்பு, ஒரு நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடும். பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும் துளை அதுதான். அந்த வேகத்தில் தகவல் ஓடும்போது கேபிளிலிருந்தும் இணைப்பிலிருந்தும் ஓர் இரைச்சல் கசியும். அது விழுவது நேராக 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில். இன்டெல் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட ஆய்வறிக்கையிலேயே இதைச் சொல்லியிருக்கிறது. இத்தகைய ஹார்ட் டிஸ்க்கைச் செருகியதும் அந்தப் பகுதியின் இரைச்சல் ஏறத்தாழ 20 டெசிபல் கூடியதாக அளந்து காட்டினார்கள். 20 டெசிபல் என்றால் நூறு மடங்கு. டாங்கிளை அந்த இணைப்பிலிருந்து தள்ளி வையுங்கள் என்பதுதான் அதற்கு அவர்கள் சொன்ன வழிகளில் எளிமையானது.

வரிசையாகப் பாருங்கள்

முதலில் நோயைச் சரியாகக் கண்டுபிடிக்க வேண்டும். அம்பு நின்று நின்று தாவினால் லைன் பிரச்சினை. நிற்காமல் ஒரே இடத்தில் துடித்துக்கொண்டிருந்தால் மேசைப் பரப்பு கண்ணாடியாகவோ பளபளப்பாகவோ இருக்கலாம், அல்லது மவுஸின் அடிக்கண்ணில் தூசியோ முடியோ ஒட்டியிருக்கலாம். ஊதித் துடைத்து, கீழே ஒரு தாளை வைத்துப் பாருங்கள். கொஞ்ச நேரம் தொடாமல் விட்டு, மறுபடி தொடும்போது மட்டும் முதல் நொடி தாமதமானால் கவலை வேண்டாம். பேட்டரியைச் சேமிக்க மவுஸ் தூங்குகிறது, அவ்வளவுதான்.

லைன் பிரச்சினைதான் என்றால் பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். பேட்டரி பலம் குறைந்தால் குரலும் தடுமாறும். புதியதைப் போடுங்கள். போடும்போது உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கைக் கவனியுங்கள். மங்கலாக இருந்தால், பிள்ளைகளின் பென்சில் பெட்டியில் இருக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்தாலே பளிச்சென்று ஆகும். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது. வெறும் கையால் தொடாதீர்கள். பஞ்சுக் குச்சியில் ஒரு துளி வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு புதுப் பேட்டரியைப் போடுங்கள்.

அடுத்து டாங்கிளின் இடம். பின்பக்கத்தில் இருந்தால் முன்பக்கத்துக்கு, நீலத் துளையில் இருந்தால் கறுப்புக்கு மாற்றுங்கள். மடிக்கணினியாக இருந்தால், ஹார்ட் டிஸ்க்கோ பென்டிரைவோ ஒரு பக்கம், டாங்கிள் எதிர்ப்பக்கம். போதாவிட்டால் நீட்டிப்புக் கேபிள் வாங்குங்கள். புது மவுஸை விட மலிவு.

பிறகு வைஃபை. ரூட்டரை மேசையிலிருந்து தள்ளி வையுங்கள். உங்கள் ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் வசதி இருந்தால் கணினியை அதில் இணையுங்கள். சந்தையில் ஒரு பெரிய கடை இடம் மாறிய மாதிரி மவுஸுக்கு வழி கிடைக்கும். புளூடூத் மவுஸ் என்றால் டாங்கிள் இருக்காது. அதற்கும் இந்த விதி பொருந்தும். கணினியில் அதன் பெயரை நீக்கிவிட்டு மறுபடி இணைத்துப் பார்ப்பதும் பலன் தரும்.

விண்டோஸ் கணினி மின்சாரத்தை மிச்சம் பிடிக்க டாங்கிளுக்குப் போகும் மின்சாரத்தை அவ்வப்போது நிறுத்துவதும் உண்டு. 'டிவைஸ் மேனேஜர்' பக்கத்தில் 'யுஎஸ்பி ரூட் ஹப்' என்று இருப்பதைத் திறந்து, 'பவர் மேனேஜ்மெண்ட்' பகுதியில், கருவியைக் கணினி அணைக்கலாம் என்று அனுமதி தரும் சரிக்குறியை எடுத்துவிடுங்கள்.

கடைசிச் சோதனையைக் கடைக்குப் போவதற்கு முன் கட்டாயம் செய்யுங்கள். மவுஸையும் டாங்கிளையும் வேறொரு கணினியில், வேறோர் அறையில் போட்டுப் பாருங்கள். அங்கே ஒழுங்காக ஓடினால் மவுஸ் நல்ல மவுஸ். உங்கள் மேசையில்தான் இரைச்சல். அங்கேயும் அதே ஆட்டம் என்றால் அதன் காலம் முடிந்தது, மாற்றுங்கள்.

மாற்றும்போது பழையதை வீட்டுக் குப்பையோடு கட்டிப் போடாதீர்கள். நம் நாட்டின் 2005-ஆம் ஆண்டு விதிமுறைகளில் மின்னணுக் கழிவுக்கென்று எஸ்டபிள்யூ 110 என்று தனி எண்ணே கொடுத்திருக்கிறார்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். டாங்கிளையும் சேர்த்தே கொடுங்கள். ஒரு மவுஸின் டாங்கிள் பெரும்பாலும் இன்னொரு மவுஸுக்குப் பொருந்தாது.

இன்னொன்று. வீட்டில் பெரியவர்கள் யாராவது "எனக்கு இதெல்லாம் வராது, கை சொன்ன பேச்சு கேக்கல" என்று கணினியை விட்டு ஒதுங்கினால், சரிதான் என்று தலையாட்டிவிடாதீர்கள். கோப்பையைப் பிடிக்கும்போதும், கையெழுத்துப் போடும்போதும் கை நடுங்கினால் கிளினிக்குக் கூட்டிப்போங்கள், தள்ளிப்போடாதீர்கள். மவுஸைத் தொடும்போது மட்டும் நடுங்கினால், குனிந்து மேசைக்கு அடியில் பாருங்கள்.