ரத்தம் சுத்தமான பிறகுதான் தொடங்குகிறது

'மருந்து உடம்பை விட்டு இறங்க நாலு நாள் போதும். அதற்குப் பிறகும் ஒருவன் கொக்கைனைத் தேடிப் போனால் அது நோய் இல்லை, திமிர்.' குடும்பங்களில் மட்டுமல்ல, நன்கு படித்தவர்கள் நடுவிலும் இந்தப் பேச்சைக் கேட்க முடிகிறது. பழக்கத்தை விட்டுவிடப் போராடும் ஒருவரை இதைவிட வேகமாகத் தனிமையில் தள்ளும் பேச்சு வேறில்லை.

இதன் முதல் வரி உண்மைதான். ரத்தத்தில் கொக்கைன் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதன் சிதைவுப் பொருளும் சில நாள்கள்தான் சிறுநீரில் தெரியும். ஆனால் மருந்து போய்விட்டது என்பதால் அது செய்த வேலையும் போய்விட்டது என்று ஆகாது. நரம்புச் செல் டோபமைனை வெளியிட்டு அடுத்த செல்லுக்குச் சேதி சொன்னதும், மிச்சத்தைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். கொக்கைன் அந்த உறிஞ்சும் வழியை அடைத்துவிடுகிறது. தேங்கிய டோபமைன் அளவுக்கு மீறிச் சேதி சொல்ல, இணைப்புகளே மாறத் தொடங்குகின்றன. ஆய்வக விலங்குகளுக்குப் போட்ட ஒரே ஒரு ஊசியால் டோபமைன் செல்களின் இணைப்புகள் வலுத்து, ஐந்தாம் நாளிலும் அப்படியே இருந்ததை 2001இல் ஒரு குழு காட்டியது. பத்தாம் நாள் அது மறைந்திருந்தது. 2008இல் ஆன்டனெல்லோ பான்சியின் குழு, நெம்புகோலை அழுத்தித் தாமே கொக்கைன் பெறப் பழகிய எலிகளை ஆராய்ந்தது. மருந்தை நிறுத்தி மூன்று மாதமான பிறகும் அவற்றில் அந்த வலுப்பு நீடித்தது. உணவுக்காக அழுத்திய எலிகளில் நீடிக்கவில்லை.

'கை நடுங்கவில்லை, வாந்தி இல்லை, ஆகவே உடல் அடிமையாகவில்லை' என்ற வாதத்துக்கு ஒரு காலத்தில் மருத்துவமே இடம் கொடுத்தது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் 1980ஆம் ஆண்டுக் கையேட்டில் கொக்கைனுக்குத் 'தவறான பயன்பாடு' மட்டுமே உண்டு, 'சார்பு' இல்லை. 1987 பதிப்பில் அதைத் திருத்திவிட்டார்கள். பொதுப் பேச்சு இன்னும் திருந்தவில்லை.

சற்று நுட்பமான மறுப்பும் உண்டு: 'அவன் மூளை முன்பே அப்படித்தான் இருந்திருக்கும்.' கொக்கைன் பயன்படுத்தியவர்களிடம் டோபமைனின் சேதியை வாங்கும் டி2 ஏற்பிகள் குறைந்திருப்பதையும், நிறுத்திச் சில மாதங்கள் ஆன பின்னும் அந்தக் குறை நீடிப்பதையும் நோரா வோல்கோவ் 1990களில் மூளைப் படங்களில் கண்டபோது, இது நியாயமான கேள்வியாகத்தான் இருந்தது. 2006இல் குரங்குகளை வைத்து நடந்த ஆய்வு இதற்குப் பதில் தந்தது. மருந்து தொடும் முன்பே படம் எடுத்துவைத்துப் பின்னர் ஒப்பிட்டார்கள். கொக்கைன் தொடங்கிய பிறகே ஏற்பிகள் குறைந்தன. ஓராண்டுப் பழக்கத்துக்குப் பின் நிறுத்தியபோது, சில குரங்குகள் மூன்று மாதத்தில் மீண்டன. சில ஓராண்டாகியும் மீளவில்லை.

எல்லாவற்றையும்விடக் கேடு செய்யும் நம்பிக்கை, 'நாள் ஆக ஆக ஆசை தானாக அடங்கிவிடும்' என்பது. 2001இல் யாவின் ஷாஹமும் உடன் உழைத்தவர்களும் எலிகளிடம் பார்த்தது இதற்கு நேர்மாறு. மருந்தோடு சேர்ந்து வந்த அடையாளத்தை மட்டும் காட்டியபோது, அவை நெம்புகோலை அழுத்திய வேகம் நிறுத்திய மறுநாளைவிட ஒரு மாதம், இரண்டு மாதம் கழித்து அதிகம். பிற்பாடு மரினா வுல்ஃபின் குழு காரணத்தைச் செல்லுக்குள் தேடிப் பிடித்தது. மூளையின் வேட்கைப் பகுதியில், குளூட்டமேட் என்னும் வேறொரு சேதிப்பொருளுக்கான, கால்சியத்தை உள்ளே விடும் புதுவகை ஏற்பிகள், நிறுத்திய சில வாரங்களுக்குப் பின் வந்து சேர்கின்றன. மருந்து இல்லாத நாள்களில்தான் அந்த மாற்றம் முற்றுகிறது. அந்த ஏற்பிகளைத் தடுத்தால் தேடலும் தணிகிறது.

எலிக்கும் மனிதனுக்கும் தூரம் அதிகம் என்பீர்கள். 2016இல் வெளியான ஆய்வில், மருந்தை நிறுத்தி இரண்டு நாள் முதல் ஓராண்டு வரை ஆனவர்களிடம் கொக்கைன் படங்களைக் காட்டி மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். நாள் ஆக ஆக, 'ஆசை குறைந்திருக்கிறது' என்றார்கள் அவர்கள். மூளை அலையின் எதிர்வினையோ ஒரு மாதத்திலும் ஆறு மாதத்திலும்தான் உச்சத்தில் இருந்தது. 'இப்போது அந்த நினைப்பே இல்லை அம்மா' என்று ஒரு மாதச் சிகிச்சை முடித்து வரும் பிள்ளை பொய் சொல்லவில்லை. அவனுக்கே தெரியாத ஒன்று அவனுக்குள் ஏறிக்கொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்து நாம் கண்காணிப்பை விலக்கிவிட்டு, அவன் விழுந்ததும் திமிர் என்கிறோம்.

மன உறுதி வேண்டாமா? வேண்டும். ஆனால் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அன்னா ரோஸ் சைல்ட்ரஸ், கொக்கைன் தொடர்பான படங்களை 33 மில்லி நொடி மட்டும், பார்த்ததாக உணரவே முடியாத வேகத்தில் காட்டினார். மூளையின் வேட்கைப் பகுதி அப்போதும் கிளர்ந்தது. மன உறுதி விழித்துக்கொள்ளும் முன்பே தொடங்கிவிடுவதை அதன் தோல்வி என்று எப்படிச் சொல்வது?

அப்படியானால் மூளை கெட்டது கெட்டதுதானா? அதுவும் தவறு. 2012இல் ஜெனீவாவில் கிறிஸ்டியன் லூஷரின் குழு, வலுத்த இணைப்புகளை ஒளியால் தளர்த்தி, சுண்டெலிகளின் மாறிய நடத்தையைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தது. மனிதருக்கு அந்த வழி இன்னும் இல்லை. கொக்கைன் அடிமைத்தனத்துக்கென அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் தந்த மாத்திரையும் கிடையாது. கையில் இருப்பதில் நன்றாக வேலை செய்வது பரிசுமுறைச் சிகிச்சை. வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ஹிக்கின்ஸ், சிறுநீர்ப் பரிசோதனையில் கொக்கைன் இல்லாத ஒவ்வொரு முறையும் பொருள் வாங்கும் சீட்டு கொடுத்தார். 1994இல் வெளியான அவர் ஆய்வில், சீட்டு பெற்றவர்களில் 75 விழுக்காட்டினர் சிகிச்சையை முழுதும் முடித்தார்கள். பெறாதவர்களில் 40 விழுக்காடுதான். அந்தச் சிகிச்சை 24 வாரம் நடந்தது.